சும்மா இருக்கும் பெட்டியும் தி. நகர் தீபாவளியும்

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக நடந்தது என்பதற்கு ஒரே அடையாளம், ஒன்றுமே நடக்காததுதான். ஒரு சர்வர் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் இன்னொன்று உடனே வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே இருப்பவருக்கு அது தெரியவே கூடாது. இப்படிக் கூட்டாக வேலை செய்யும் சர்வர்களுக்குத்தான் கிளஸ்டர் என்று பெயர். இதை நிறுவிக் கொடுத்துவிட்டு, கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போதுகூட போனையே பார்த்துக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நானும் சகாயமும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. வேலையை விட்டுவிட்டு மந்தைவெளியில் ஓர் அறை பிடித்து சொந்தமாக ஆரம்பித்தோம். கிடைத்த முதல் வாடிக்கையாளர் தி. நகரில் ஒரு பெரிய புடவைக் கடை. தீபாவளி முடியும் வரை பில் போடுவது ஒரு தடவைகூட நிற்காவிட்டால் மயிலாப்பூர், அடையாறு கிளைகளும் எங்களுக்கே. நின்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூட்டை கட்டினால் பழைய மானேஜரிடம் போய் நிற்க வேண்டும். அந்த மூஞ்சியை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது எதுக்கு?

கடை அண்ணன் தம்பி இருவருடையது. அண்ணனைக் கடையில் எல்லோரும் பெரியவர் என்பார்கள், தம்பியைச் சின்னவர். இரண்டு சர்வர் எதற்கு என்று பெரியவரிடம் நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். எனக்கு உற்சாகம் வந்தால் கை நிற்காது. "ஒண்ணு வேலை செய்யும் சார். இன்னொண்ணு பார்த்துக்கிட்டே இருக்கும். முதல் பெட்டி விழுந்த அடுத்த நிமிஷம் இது எழுந்துக்கும்!"

சின்னவருக்கு முதலிலிருந்தே இதில் இஷ்டமில்லை. ஒரு பெட்டி போதும் என்று முணுமுணுத்தார். பெரியவர் இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சும்மா இருக்கறதுக்குன்னே ஒரு ஆள வேலைக்கு எடுக்கற மாதிரி இருக்கு. சரி மேடம், அந்தச் சும்மா இருக்கறதையாவது ஒழுங்கா செய்யச் சொல்லுங்க."

ஜோடிப் பொருத்தம்

தீபாவளிக் கூட்டம் வருவதற்கு முன்பே ஒரு நாள், முதலாளிகள் முன்னால் செய்து காட்ட ஏற்பாடு. மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் இரண்டு சர்வர்களும் பச்சை விளக்கோடு நின்றன. கடை எலக்ட்ரீஷியன் டில்லிபாபு, கோட்டூர்புரத்து ஆள். எந்த வேலையானாலும் நாம் சொல்வதற்கு முன்பே பாதியை முடித்துவிடுவார், அதுதான் பிரச்சினை. "டில்லி, முதல் பெட்டியை அணைங்க, இப்ப பாருங்க வேடிக்கையை!" என்றேன்.

அவர் சுவிட்சைத் தட்டினார். இரண்டு பெட்டிகளும் ஒன்றாக அணைந்தன. என் கை அந்தரத்திலேயே நின்றது. சகாயம் "மாதாவே" என்றான், சாந்தோமில் பிறந்தவன். குனிந்து பார்த்தால் இரண்டு ஒயரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒரே சுவிட்சுக்குக் கீழே. சின்னவர் தொண்டையைக் கனைத்தார். டில்லி மட்டும் பதறவே இல்லை: "இன்னாக்கா, ஜோடியாத்தான வாங்கியாந்தீங்கோ? அதான் ஒண்ணாவே சொருவி வுட்டேன்."

மிஷினுக்கு லீவு

அன்றே இரண்டாவது சர்வரைத் தூக்கி மூன்றாம் மாடியில் தனி லைனில் வைத்தோம். இனி ஒன்று போனாலும் மற்றது போகாது என்று எனக்கு ஒரே குஷி. அந்தக் குஷி ஆயுத பூஜைக் காலை வரை இருந்தது. மந்தைவெளியில் எங்கள் பழைய லேப்டாப்புக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். போன் அலறியது. இரண்டு சர்வர்களும் இல்லை! இரண்டும்! கடை திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். கிடைத்த ஆட்டோவில் ஏறினோம். ஒவ்வொரு சிக்னலிலும் சகாயம் ஜெபம் செய்தான், நான் திட்டினேன்.

கீழே இருந்த சர்வருக்குப் பட்டை பட்டையாகச் சந்தனம், குங்குமம், காற்று போகும் ஓட்டையை மூடி ஒரு சாமந்தி மாலை. தலையில் வாழையிலை, அதில் பொரிகடலை. மூன்றாம் மாடியிலும் அதே அலங்காரம். பூஜைத் தட்டை அங்கே வரை தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் டில்லி. கற்பூரம் காட்டியது பெரியவரே, ஆகையால் அவர் எங்கள்மேல் கோபப்பட வழியில்லை. பொரியைத் தட்டிவிட்டு இரண்டையும் உயிர்ப்பித்தோம். முதல் பில் அச்சாகும்போது ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. ஏன் அணைத்தீர்கள் என்று டில்லியைக் கேட்டேன். "தையல் மிஷினு, எடை மிஷினு, என் ஸ்க்ரூ டிரைவரு, அல்லாத்துக்கும் இன்னிக்கு லீவு. இதுங்க மட்டும் இன்னாக்கா பாவம் பண்ணுச்சி?"

பட்டு போன இடம்

இரண்டு சர்வர்களும் கேபிள் வழியாக "நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். கேபிள் அறுந்தால் ஒன்று மற்றது செத்துவிட்டது என்று நினைக்கும். இரண்டுமே "இனி நான்தான் எல்லாம்" என்று கிளம்பிவிடும். அப்போது யார் சொல்வது சரி என்று ஓட்டுப் போட மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதை ஆரம்பத்திலேயே கேட்டோம். "அதுவும் சும்மாதான் இருக்குமா?" என்று கேட்டு சின்னவர் மறுத்துவிட்டார்.

தீபாவளி சீரியல் விளக்கு கட்ட வந்தவர்கள் மூன்றாம் மாடிக் கேபிளையும் சேர்த்து இழுத்துவிட்டார்கள். கீழே ஒரு சர்வர் பில் போட்டது, மேலே இன்னொன்று போட்டது, இரண்டும் ஒரே பில் எண்களில். டெலிவரி கவுண்டரில் எண்ணைப் பார்த்துத்தான் மூட்டையைக் கொடுப்பார்கள். முகூர்த்தப் பட்டு எடுத்த குடும்பத்துக்கு உள்பாவாடைக் கட்டு போய்ச் சேர்ந்தது. உள்பாவாடை வாங்கிய அம்மாள் பட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தீபாவளி ஆஃபரா என்று கண்கலங்கி நின்றாள். அவளிடமிருந்து அதைத் திரும்ப வாங்கியதுதான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த கல்நெஞ்சு வேலை. "பில் நின்னு போச்சுன்னு கணக்கா சார்?" என்று பயந்துகொண்டே கேட்டேன். பெரியவர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நிக்கலையே மேடம். ரெண்டு பங்கா இல்ல ஓடிச்சு!"

மயிலாப்பூர் ஓட்டு

மூன்றாவது பெட்டிப் பேச்சை மறுபடி எடுத்தேன். இந்த முறை பெரியவருக்கு நான் வாயைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துவராதபோதெல்லாம் அவர்களுடைய அக்கா சொல்வதுதான் முடிவாம். மயிலாப்பூர் கிளையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். பெட்டியையும் அங்கேயே, அவர் கல்லாவுக்குப் பின்னால் வைத்தோம். அது எதற்கு என்று சகாயம் பொறுமையாக விளக்கினான். கேட்டு முடித்து அக்கா சொன்னார்: "என் தம்பிங்க மாதிரியே ரெண்டு பெட்டி பண்ணி வச்சிருக்கீங்க, அப்படித்தானே?"

சாவுக்குக் குதித்தவர்கள்

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு வெளியே ரங்கநாதன் தெருவில் கால் தரையில் படாமலே நகரலாம், அப்படிக் கூட்டம். நாங்கள் கீழ்த்தளக் கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றோம். மாடிப்படி அறையிலிருந்து "டப்" என்று ஒரு சத்தம், கூடவே கருகல் வாசனை. முதல் சர்வர் போய்விட்டது. இது ஒயர் இல்லை, பூஜை இல்லை, நிஜமாகவே போய்விட்டது! கவுண்டர் பெண்ணின் திரை உறைந்தது. வரிசை வாசல் வரை நின்றது. அந்தப் பெண் எச்சில் தொட்டுக் கவரைப் பிரித்தாள். பிரித்து முடிப்பதற்குள் பிரிண்டர் கரகரவென்று அடுத்த பில்லைத் துப்பியது. அடுத்தது. அதற்கடுத்தது. மூன்றாம் மாடிக்காரன் எழுந்துவிட்டான்! இத்தனை நாள் சும்மா இருந்தவன்!

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. நானும் சகாயமும் மட்டும் புடவைக் குவியலுக்கு நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். என் கண்ணில் தண்ணீர். பெரியவர் ஓடிவந்தார். "முதல் சர்வர் செத்துப் போச்சு சார்!" என்று சந்தோஷத்தில் கத்தினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது: "செத்ததுக்கா ரெண்டு பேரும் இப்படிக் குதிக்கறீங்க?"

தீர்ப்பு

மறுநாளே ரிச்சி தெருவில் பார்ட் வாங்கி முதல் சர்வரைச் சரிசெய்தோம். தீபாவளி முடிந்தது. மயிலாப்பூர் கிளையில் அக்கா முன்னால் எங்களை உட்கார வைத்தார்கள். பெரியவர் எங்களுக்கே கொடுக்கலாம் என்றார். சின்னவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "மூணாவது பெட்டி வச்சப்புறம் பண்டிகை பூரா ஒண்ணுமே ஆகலையேண்ணே. ஒண்ணுமே ஆகாததுக்கு எதுக்கு இவ்வளவு?" பழைய மானேஜரின் சிரிப்பு கண்முன் வந்தது. எங்கள் இத்தனை நாள் வியர்வையைப் பார்த்து ஒன்றுமே ஆகவில்லை என்கிறார், அதை மறுக்கவும் முடியாது, அதுதான் நாங்கள் செய்த வேலை.

அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். அவர் பின்னால் அந்தச் சின்னப் பெட்டி பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது. அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மூணு கடையும் இவங்களே பார்க்கட்டும். ஆனா அடுத்த ஆயுத பூஜைக்கு டில்லி மனசு நோகக் கூடாது, ஒண்ணு மாத்தி ஒண்ணுக்கு லீவு குடுங்க. ரெண்டு வாங்கினதே அதுக்குத்தானேப்பா?"

மூன்று கடைப் பெட்டிகளுக்கும் முறை வைத்து லீவு போட்டாகிவிட்டது. சகாயமும் நானும் மட்டும் லீவே இல்லாமல் இன்னும் ஒரே சுவிட்சில் சொருகப்பட்டிருக்கிறோம்.