என் அறை வாசலில் நின்றவன்

கல்லூரி மாணவர்களை ஆராய்ச்சிக்குப் பழக்கும் வேலையில் பெரும்பகுதி, யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். பாளையங்கோட்டையில் விலங்கியல் நடத்தும் எனக்கு அப்படி. இதே வேலையில் இருக்கும் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். கீழே எழுதியிருப்பதில் அந்த வாசல் சம்பவத்தை மட்டும் நான் பல வருஷங்களாகச் சந்தேகித்து வருகிறேன். அதை நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லிக் கேட்டேன்.

ஆர்வமுள்ளவர்கள்

தாமிரபரணி நத்தைகளைப் பற்றி ஆராய ஆர்வமுள்ள மாணவர்கள் என்னை வந்து பார்க்கலாம் என்று எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மதிப்பெண்ணைப் பற்றி ஒரு சொல் கிடையாது. முன்னனுபவம் தேவையில்லை என்றுகூடப் போட்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

ஏன் என்று வகுப்பில் கேட்டேன். நாங்குநேரியிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். “ஆர்வமுள்ளவங்கன்னு போட்டிருந்திய சார். எங்களுக்கு ஆர்வம் இருக்கா இல்லையான்னு நீங்கல்லா சொல்லணும்?”

பாட்டில் கழுவுதல்

பிறகு துறைத் தலைவர் சிலரைப் பெயர் சொல்லி அனுப்பினார். மேலப்பாளையம் ஆயிஷா அவர்களில் ஒருத்தி. என்னிடம் தொடக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். சனிக்கிழமை என்னோடு ஆற்றுக்கு வரவேண்டும். எடுத்த நத்தையை, பெயர் தெரியாவிட்டாலும், பார்த்து வரைய வேண்டும். தண்ணீர் எடுத்த பாட்டில்களைக் கழுவ வேண்டும். அழுக்குப் பாட்டிலில் எடுத்த தண்ணீர் பொய் சொல்லும். இதற்குப் பிறகும் நிற்பவர்கள் தங்களுக்கென்று ஒரு கேள்வியோடு வரலாம்.

ஆயிஷா நின்றாள். பின்னால் என்னைவிடப் பொறுமையாக ஆற்றைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஆனாலும் அவள் அனுப்பப்பட்டு வந்தவள் என்பது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் ஒருநாள் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தபடி சொன்னாள்: “எங்க உம்மா கேக்காவ சார், வீட்டுல ஒரு தம்ளரக் கழுவ மாட்ட, இதுக்கா காலேஜுக்குப் போறன்னு.”

ஒரு கரை நத்தை

இசக்கிராஜா கடைசி பெஞ்சுக்காரன். சீவலப்பேரி டவுன் பஸ் எப்போது வருகிறதோ அப்போது வருவான். ஒருநாள் பாடத்தின் நடுவே கை தூக்கினான். “சார், எங்கூர்ல சித்தாறு வந்து சேருத எடத்துல ஒரு கரையிலதான் நத்த கெடக்கு. எதுத்த கரையில ஒண்ணுகூட இல்ல. ஏன் சார்?”

எனக்குத் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மணி அடித்துவிட்டது. அறைக்கு வா, சேர்ந்தே பார்ப்போம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் மட்டும் சீவலப்பேரிக்குப் போய்ப் பார்த்தேன்; அவன் சொன்னது சரி. அதன் பிறகு வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்தேன். கேள்வி கேட்ட அன்று வகுப்பை விட்டுப் போகும்போது அவன் தெளிவாகத்தான் சொன்னான்: “வாரேன் சார்.”

அண்ணாச்சி சொன்னது

இசக்கிராஜா படிப்பை முடித்துவிட்டுக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று, எங்கள் ஆய்வக உதவியாளர் செல்லத்துரை அண்ணாச்சி டீயை மேசையில் வைத்தபடி சொன்னார். “அந்த நத்தப் பய ஒங்க வாசல்ல வந்து வந்து நின்னான்லா சார். நீங்க குனிஞ்சு எழுதிக்கிட்டு இருந்திய. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பைய போயிட்டான்.”

காலடிச் சத்தத்துக்கெல்லாம் நிமிர்ந்த நான் அவனை எப்படிப் பார்க்காமல் விட்டேன்? பக்கத்து அறைக்காரர் போட்டித் தேர்வுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அங்கே எப்போதும் கூட்டம் நிற்கும்; அவனும் அதில் ஒருவனாக நின்றிருக்கலாம். அண்ணாச்சியோ யார் முகம் வாடினாலும் பொறுக்காதவர். இருந்தும், யாரும் அனுப்பாமல் என்னைத் தேடி ஒருவன் வந்தான் என்ற நினைப்பை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலம் வகுப்புக்குப் போய்வருகிறேன். இசக்கிராஜாவிடமே கேட்டிருக்கலாம். ‘எந்த வாசல் சார்?’ என்று அவன் திருப்பிக் கேட்டுவிட்டால்?

போன வாரம், ஓய்வுபெற்றுவிட்ட அண்ணாச்சியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்து, அவர் பஸ்ஸும் வந்து நின்ற பிறகுதான் எனக்குக் கேட்க வாய் வந்தது. “அண்ணாச்சி, அவன் நெசமாவே என் வாசல்லதான் நின்னானா, இல்ல அன்னைக்கு என் மூஞ்சியப் பாத்துட்டுச் சொன்னியளா?”