பிளந்து பார்த்த பர்கர்காரர்

மலையூரான ரிங்லெட் டவுனில் பர்கர் விற்கும் அவரை எங்கள் எஸ்டேட் விளையாட்டு விழாவில்தான் சந்தித்தேன். கம்பளிக் குல்லா, எண்ணெய் மினுங்கும் முகம். அன்று என் கோழி பர்கர் நன்றாகப் போனால் திடல் வாசலில் நிரந்தரமாகக் கடை போடலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அதுவரை விழா நாள்களில் அந்த வாசலில் கடை போட்டுவந்தவர் அவர்தான்.

"தம்பி, இந்தக் காத்துக்கு கேஸ் நிக்காது லா. கரி போடு," என்றார்.

காற்றை மறைக்கத் தகரம் அடித்த அவர் வண்டியிலோ கேஸ்தான்! கரி சூடேறுவதற்குள் கூட்டம் கலைந்துவிடும், அதுதான் அவர் கணக்கு என்று நினைத்தேன்.

"பரவாயில்லைண்ணே," என்று கேஸையே பற்றவைத்தேன்.

காற்று தீயைச் சாய்த்தது. கல்லின் ஒரு பக்கத்தில் இறைச்சி கருகியது, மறுபக்கத்தில் வேகவில்லை. யார் சுட்ட இறைச்சியானாலும் கரண்டியால் நடுவில் பிளந்து பார்ப்பது அவர் பழக்கம். என்னுடையதையும் பிளந்தார்.

"உள்ள பச்சையா இருக்கு."

பக்கத்துத் தொழிலாளர் லயத்து வீட்டு அடுப்பிலிருந்து, கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டையின் தணலை வாளியில் வாங்கிவந்து, அவரே என் கல்லுக்கடியில் கொட்டினார். எல்லாம் விற்றுத் தீர்ந்தது. வாசலும் எனக்கே கிடைத்தது.

"ஏண்ணே எனக்கு உதவுனீங்க?"

"உன் பர்கர தின்னு எவனுக்காச்சும் வயித்தால போனா, அப்புறம் என்கிட்ட யாருடா வாங்குவா?"

நம்பினேன். மறுவாரம் ரிங்லெட்டில் அவர் வண்டியைத் தாண்டும்போது, அதிலிருந்து நான் இறைச்சியில் சேர்க்கும் அதே வறுத்த கறிவேப்பிலையும் சோம்பும் மணத்தன.

"வா தம்பி, சாப்பிட்டுப் போ," என்றார், கரண்டியால் ஒன்றைப் பிளந்தபடி.

அன்று அவர் பிளந்து பார்த்தது வெந்துவிட்டதா என்றா, உள்ளே என்ன போட்டிருக்கிறேன் என்றா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.