சலோமி வைத்த வெள்ளிக் கால்

காரைக்காலில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்த சலோமி, மாதாவிடம்கூட அளவெடுத்துத்தான் பேசுவாள்.

1982இல் அவளுடைய ஏழு வயது மகள் அமலராணி நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழத் தொடங்கியது. அது சிறுமிக்கே தெரியவில்லை. பிறகு உட்கார்ந்தால் எழ முடியவில்லை. இளம்பிள்ளை வாதம் என்று தெருவே முடிவு செய்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கால் நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்த்த டாக்டர் வேறு சொன்னார்.

“இது இளம்பிள்ளை வாதம் இல்லம்மா. நரம்பைச் சுத்தி இருக்குற உறை வீங்கியிருக்கு. இவ உடம்பே அதைத் தாக்குது. மாத்திரை தர்றேன். நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பேன்.”

மாத்திரையில் குழந்தையின் முகம் உப்பியது. “மவளுக்கு என்னடி போடுற, கன்னம் இட்லியாட்டம் இருக்கு?” என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.

சில மாதங்களில் அமலராணி நடந்தாள். நேர்ந்துகொண்டபடி சலோமி மாதா கோவிலில் வெள்ளிக் கால் ஒன்றைக் காணிக்கை வைத்தாள். அன்றே மாத்திரையை நிறுத்தினாள். நன்றி சொன்ன பிறகும் மருந்து கொடுத்தால் மாதாவை நம்பாததாகிவிடும் என்று நினைத்தாள். நினைப்பில் ஒழுங்கு இருந்தது. நரம்புக்கு அது தெரியாது.

செருப்பு மறுபடி கழன்றது. சலோமி கோவில் உபதேசியார் சந்தனசாமியிடம் போனாள்.

“காலைத் திருப்பிக் குடுங்க உபதேசியாரே. புள்ளைக்கு மறுபடி முடியல. சரியானதும் கொண்டாந்து வெக்கிறேன்.”

“காணிக்கையை யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களா? மாதா என்ன தையக்காரியா?”

“தையக்காரியா இருந்தா முடிக்காத சட்டைக்குக் கூலி வாங்கியிருக்க மாட்டாங்க.”

உபதேசியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “மாத்திரை குடுக்கிறியா?”

“காணிக்கை வெச்ச அன்னைக்கே நிறுத்திட்டேன். அப்புறமும் குடுத்தா மாதா என்ன நெனைப்பாங்க?”

அவர் காணிக்கைகள் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்.

“மாதாகிட்ட அந்தக் காலை அட்வான்ஸா வெச்சுக்கச் சொல்லு. வேலை நடந்துக்கிட்டிருக்கு. நீ காலையில பாண்டிச்சேரி பஸ் ஏறு.”

சலோமிக்கு இது நியாயமாகப் பட்டது. மறுநாள் பாண்டிச்சேரியில் டாக்டர் திட்டியதை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

பிறகு இரண்டு வருடம் மாத்திரை. அவளுடைய விசுவாசம் ஆழமானதா என்று சொல்வது கடினம். மாத்திரை ஒரு நாளும் தவறவில்லை.

கடைசி மாத்திரையை டாக்டரே நிறுத்தினார். அன்று சலோமி மகளை நடத்தியே கோவிலுக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளிக் கால் கறுத்துக் கிடந்தது. அது தன்னுடையதுதானா என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டாள். வேறொன்றும் வைக்கவில்லை.