வலது கை மேலே

என் தம்பி மனைவிக்கு ஒரே காலையில் மூன்று அருட்சாதனங்கள் கிடைத்தன. எனக்கு அதே மூன்றும் தவணை முறையில்தான் வந்து சேர்ந்தன. கைக்குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம், வீறிட்டு அழுதேனாம். மூன்றாம் வகுப்பில் புதுநன்மை, பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்குவது. வெள்ளை ஷூ காலைக் கடித்தது மட்டும் நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்பில் மறைமாவட்டத்து ஆயர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசிய உறுதிபூசுதல். பின்னால் நின்றவள் என் பின்னலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆரணியில் எங்கள் பங்கில் ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறவள் நான்தான். ஆதித் திருச்சபையில் தண்ணீர், எண்ணெய், அப்பம் எல்லாம் ஒரே சடங்காக இருந்தன. சபை ஊர் ஊராகப் பெருகியதும் ஆயரால் எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. குருவானவர் தண்ணீர் ஊற்றினார். எண்ணெய் ஆயருக்காகக் காத்திருந்தது. பிறகு, விவரம் தெரிந்த வயதில்தான் நன்மை என்று அப்பமும் தள்ளிப்போனது. வளர்ந்தபின் சேர்கிறவர்களுக்கு மட்டும் இப்போது பழைய முறை திரும்பியிருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் வயிறு எரியவில்லை.

தம்பி கட்டிக்கொண்டது தறி வைத்திருக்கும் ஓர் இந்துக் குடும்பத்துப் பெண்ணை. கல்யாணமான நாளிலிருந்து அவளும் பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். யாரும் அவளை வற்புறுத்தவில்லை, அவளாகத்தான் கேட்டாள். அவளைத் தயார் செய்கிற வேலையும், ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்கிற பொறுப்பும் என் தலையில் விழுந்தன.

ஒருநாள் நன்மை பற்றிய பாடத்தின் நடுவில் கேட்டாள்: “அண்ணி, அந்த அப்பம் நெஜமாவே ஏசு சாமி ஒடம்புதானா?”

“ஆமா. உட்பொருள் மாறிடும். பாக்குறதுக்கு மட்டும் அப்பமாவே இருக்கும்” என்றேன். இடைக்காலத்து இறையியலாளர்கள் பாடுபட்டுக் கண்டுபிடித்த விளக்கத்தை ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டேன்.

“அப்புறம் எப்டிங்க அண்ணி, வாயில போட்டுகினு சும்மா வூட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுறீங்க?”

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு தடவைகூட அப்படிக் கலங்கியதில்லை. எங்கள் வீட்டுச் சொத்தை நேற்று வந்தவள் பூட்டுத் திறந்து எடுத்துக்கொண்டு போகிறாள் என்று பற்றிக்கொண்டு வந்தது.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாமியார் நமக்கு முதுகு காட்டி லத்தீனில் பூசை வைத்த காலத்தில் அம்மா சிறுமி. முழங்காலில் நின்று நாக்கில் நன்மை வாங்குவதுதான் அவளுக்குத் தெரிந்த மரியாதை. கொரோனா வந்து, இனிமேல் கையில்தான் என்று ஃபாதர் அறிவித்தபோது, அம்மா எழுந்தே போகவில்லை. இடது கை மேலே, வலது கை கீழே, வலது கையால் எடுத்து உட்கொள்ள வேண்டும் என்று நான் வீட்டில் வைத்துப் படித்துப் படித்துச் சொன்னேன்.

“இந்தக் கையால அவரத் தொடறதா? நீ இன்னா வேணா படிச்சிகினு வா. எனக்கு வாணாம்” என்றுவிட்டாள்.

நோய் அடங்கியதும் பழையபடி நாக்கை நீட்டினாள். பிறகும் நான் விடவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் டீச்சராக இருக்கிறேன், பெற்றவள் ஒரே ஒரு தடவையாவது நான் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை.

வழக்கமாக இந்தச் சடங்கு நடக்கிற ஈஸ்டர் பாஸ்கா சமயத்தில் தம்பி மனைவிக்கு மஞ்சள் காமாலை. அதனால் தூய ஆவியார் பெருவிழாவன்று காலைப் பூசையில் சடங்கு நடந்தது. தண்ணீர் ஊற்றினார்கள், நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசினார்கள். அரக்குக் கரை போட்ட வெண்பட்டில் அவள் நன்மைக்குப் போனாள். பின்னாலேயே நான்.

அங்கேதான் தவறினாள். அத்தனை ஒத்திகை பார்த்தும், கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி வலது கையை மேலே வைத்து, இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டாள். வாங்கியதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, உள்ளங்கையிலிருந்தே வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் அத்தனை குளிர்ச்சி!

பூசை முடிந்து வாசலில் எல்லோரும் நிற்கையில், அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்: “ஃபாதர், நான் சரியாத்தான் சொல்லிக் குடுத்தேன். இவதான் பிரசாதம் மாதிரி வாங்கிட்டா.”

ஃபாதர் சிரித்தார். “அதாங்க டீச்சர் பழைய முறை. ஆயிரத்தறுநூறு வருஷத்துக்கு முன்னாடி ஜெருசலேம்ல புதுசா ஞானஸ்நானம் வாங்குனவங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. ராஜாவை வாங்கப் போற வலது கைக்கு, இடது கை சிம்மாசனம். உட்கொள்றதுக்கு முன்னாடி கண்ணுலயும் ஒத்திக்கணும். அப்புறமாத்தான் துணுக்கு கீழ விழுந்துடுமோன்னு பயம் வந்து நாக்குக்கு மாறிச்சு.”

தம்பி மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “மன்னிச்சுக்குங்க அண்ணி, கை அதுவா அப்டிப் போய்டுச்சு” என்றாள். அம்மாவோ அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்குத் தெரியாதது, பாடம் மறந்தவளின் கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு நன்மை வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். அம்மா நாக்கை நீட்டவில்லை. வலது கை மேலே, இடது கை கீழே. வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளங்கையில் முகம் புதைத்து உட்கொண்டாள். திரும்பும்போது என்னைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்த மருமகளைத் தேடிப் பார்த்தாள்.

“கிறிஸ்துவின் திருவுடல்” என்று என் முன்னால் அப்பத்தை உயர்த்தினார் ஃபாதர்.

இடது கையை மேலே வைத்தால் அது நான் கற்றுக்கொடுத்தது, அம்மாவுக்கு வேண்டாதது. வலது கையை மேலே வைத்தால் அது தம்பி மனைவியுடையது. “ஆமென்” என்று சொல்லி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நாக்கை நீட்டினேன்.