அப்பா இருமவில்லை

"குழாயை எப்போ எடுப்பாங்க?" அந்த நாட்களில் என் போன் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டது. பெரியம்மா கேட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்டார்கள். அப்பாவின் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா? பல்லைக் கடித்துக்கொண்டு, "டாக்டர் பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காங்க" என்பேன். வைத்த பிறகு போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஏதோ அதுதான் அப்பாவைப் படுக்க வைத்த மாதிரி.

அப்பாவுக்கு நிமோனியா. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வெறும் சளிதான் என்று மிளகுக் கஷாயத்தைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் காலை முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே மூச்சு விட முடியாமல் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே வாய் வழியாகத் தொண்டைக்குள் குழாயை விட்டு வெண்டிலேட்டரில் போட்டார்கள். ஸ்டாண்டில் நின்று "பூந்தமல்லி, பூந்தமல்லி" என்று அவர் கத்தினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வாயில் குழாயும் அது நகராமல் ஒட்டிய பிளாஸ்திரியும் இருந்தன.

ஐ.சி.யூ. டாக்டர் என்னைவிடச் சின்னவராக இருந்தார். பொறுமையாக விளக்கினார். தினமும் காலையில் மயக்க மருந்தைக் குறைப்பார்கள், பிறகு மெஷின் கொடுக்கும் உதவியையும் குறைத்துவிட்டு, அப்பா தானாக எப்படி மூச்சு விடுகிறார் என்று கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து, கையை எடுத்துவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். அவசரப்பட்டுக் குழாயை எடுத்துவிட்டு மூச்சு திணறினால் மறுபடி குழாய் போட வேண்டும், அது முதல் தடவையைவிட ஆபத்து. எடுக்காமல் வைத்துக்கொண்டே இருந்தால் குழாய் வழியாகக் கிருமி இறங்கும்.

"அப்போ சரியான நேரம் எதுன்னு மெஷின் சொல்லாதா மேடம்?" என்று கேட்டேன்.

"மெஷின் நம்பர் கொடுக்கும். அதை வெச்சு நாங்க கணிக்கிறோம். சில நேரம் தப்பும்."

கணிக்கிறார்களாம்! என் அப்பா என்ன மழையா? டாக்டர் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். ஆனால் மறைக்காமல் சொல்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

காலையில் ஒருவர், மாலையில் ஒருவர்தான் உள்ளே போகலாம். காலை அம்மாவுக்கு, வேலை முடிந்து வந்தபின் மாலை எனக்கு. நான் போகும்போது அப்பா அரைத் தூக்கத்தில் இருப்பார். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருப்பார்கள். மானிட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு எண் ஏறினால் என் நெஞ்சும் ஏறும், இறங்கினால் அதற்கும் பயம்.

ஒரு சனிக்கிழமை டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். "மூச்சு நல்லா விடுறாரு. நம்பர் எல்லாம் எடுக்கலாம்னுதான் சொல்லுது. ஆனா இருமல் இல்லை. குழாயை எடுத்தா சளியை அவரேதான் இருமி வெளியே தள்ளணும். சளியை உறிஞ்சும்போது தன்னால இருமல் வருது. இருமுங்க ஐயான்னு நாங்க சொன்னா மட்டும் வரலை. குழாய்கிட்ட வெள்ளை அட்டையைப் பிடிச்சுப் பார்த்தோம். நல்லா இருமினா அட்டை ஈரமாகும். சுத்தமா காய்ஞ்சு கிடந்துச்சு. ஒண்ணு பலம் இல்லை, இல்லேன்னா நாங்க சொல்றது புரியலை. நாளைக்கும் இப்படியே இருந்தா கழுத்துல துளை போட்டு அது வழியா மூச்சுக் கொடுக்கிறதைப் பத்தி யோசிக்கணும்."

"பேச முடியுமா?"

"அது இருக்கிற வரைக்கும் கஷ்டம்தான்."

வெளியே வந்தேன். அம்மா வராந்தாவில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இருமுனாத்தான் நல்லதா?" என்றாள்.

"ஆமா."

"நான்தாண்டி அடக்கிக்கோன்னு சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அவுரு இருமுனா அந்த மிஷினு குய்யோ முய்யோன்னு கத்துது. உடனே அந்த நர்சம்மா ஓடியாந்து, குழாய்க்குள்ளாறயே ஒரு ஒல்லிக் குழாய உட்டு உறிஞ்சுது. அவுரு கண்ணுல தண்ணி கொட்டுது. தொடச்சிக்கக்கூட முடியாம கைய வேற கட்டி வெச்சிகிறாங்க. எனக்கு வயிறெல்லாம் எரிஞ்சிச்சி. அதான் காதுல சொன்னேன். இருமாதய்யா, இருமுனா வந்து உறிஞ்சுவாங்க, அடக்கிக்கினு படுத்துக்கோன்னு. தெனமும் போய்ச் சொன்னேன்."

வந்ததே எனக்குக் கோபம்! "உனக்கு யாரும்மா டாக்டர் பட்டம் கொடுத்தது?" என்று கத்திவிட்டேன். வாசலில் நின்ற செக்யூரிட்டி அங்கிருந்தே கையைக் காட்டினார். கத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கோபம் அப்பா மேல் கிளம்பியது. கல்யாணமான நாளிலிருந்து அம்மா சொன்ன எதையாவது இந்த மனிதர் கேட்டிருக்கிறாரா? பீடியை விடு என்றாள், விடவில்லை. மழையில் வண்டியை எடுக்காதே என்றாள், எடுத்தார். சளிக்கு டாக்டரிடம் போ என்று காலில் விழாத குறையாகச் சொன்னாள், கஷாயம் போதும் என்றார். போயும் போயும் இதையா கேட்டுத் தொலைக்க வேண்டும்!

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் போய் ஐ.சி.யூ. கதவைத் தட்டினாள். "தொறங்கம்மா. அவுர இருமச் சொல்லணும்."

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீங்க சொன்னா கேட்பாரா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"இதுவரிக்கும் கேட்டதில்ல. இத ஒண்ணத்தான் கேட்டுகிறாரு."

மறுநாள் காலை பரிசோதனையின்போது எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். அப்பா விழித்திருந்தார். மெஷின் உதவியைக் குறைத்தபின் அவர் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. டாக்டர் குழாயின் முனைக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இருமுங்க" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"யோவ், இருமுய்யா. நான் சொன்னது தப்பு. இருமுனாத்தான் கொழாய எடுப்பாங்களாம்."

அவர் கண் அம்மாவைத் தாண்டிப் போனது. கட்டிலின் தலைமாட்டில் அந்த உறிஞ்சு குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். இரண்டு எட்டு நகர்ந்து, அது அவர் கண்ணில் படாதபடி மறைத்துக்கொண்டு நின்றாள்.

"உறிஞ்சுனா உறிஞ்சட்டும். நான் இங்கதான் கீறேன். இருமு."

அப்பா இருமினார், இருமல் என்று அதைச் சொல்லலாம் என்றால். அட்டையில் ஒன்றும் இல்லை. டாக்டரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கழுத்துத் துளைதான் கண்முன் நின்றது.

"இன்னாய்யா இது, பூனை தும்முன மாதிரி?" அம்மாவின் குரல் எகிறியது. பக்கத்துக் கட்டில் நர்ஸ் திரும்பினார். "ஸ்டாண்டுல ஆள் கூப்புடறப்போ இப்டியா கூப்புடுவ? எவன் ஏறுவான் உன் வண்டில? அடி வயித்துலேந்து இருமுய்யா!"

அப்பாவின் புருவம் நெறிந்தது. தொழிலைப் பற்றிச் சொன்னால் மட்டும் அவருக்கு ரோஷம் வரும். தோள் இரண்டும் தலையணையிலிருந்து எழும்ப ஒரு இருமல் இருமினார். மெஷின் அலறியது. அம்மா பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. டாக்டர் அட்டையைத் திருப்பி எங்களிடம் காட்டினார். அதில் ஈரம் தெறித்திருந்தது. ஒருவருடைய சளியைப் பார்த்து நான் சாமி கும்பிட்டது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

"எடுத்துப் பார்க்கலாம். ஆனா முழுசா நிம்மதி ஆகிடாதீங்க. நாளை, நாளன்னைக்கு வரைக்கும் மறுபடி போட வேண்டி வரலாம்" என்றார் டாக்டர்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்றோம். ஏதோ ஒரு மெஷின் கத்தியது, அது யாருடையது என்று தெரியவில்லை. அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடம் சிவந்துவிட்டது, விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியம்மா போனில் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து இருமல் கேட்டது. கரகரவென்று, கேட்கவே நாராசமாக, இடைவிடாமல். "அவுருதான்" என்றாள் அம்மா.

நர்ஸ் வந்து கூப்பிட்டார். ஆக்ஸிஜன் மாஸ்க்குடன் அப்பா சாய்ந்திருந்தார். பிளாஸ்திரி ஒட்டியிருந்த கன்னம் புண்ணாகியிருந்தது. கைக் கட்டை அவிழ்த்திருந்தார்கள். "ஏதாவது பேசுங்க ஐயா, குரல் வருதான்னு பார்க்கலாம்" என்றார் டாக்டர். அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். மாஸ்க்குக்குள்ளிருந்து கிழிந்த குரல் ஒன்று வந்தது.

"இன்னும் இருமணுமா? போதுமா?"

அதுவரை அழாத அம்மா அப்போதுதான் அழுதாள். மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "நான் நிறுத்துன்னு சொல்ற வரிக்கும் இருமு" என்றாள்.

மறுபடி குழாய் போடவில்லை. அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். வண்டி எடுக்க டாக்டர் இன்னும் அனுமதி கொடுக்கவில்லை. காலையில் எழுந்ததும் வாசலில் உட்கார்ந்து தெருவே கேட்கும்படி இருமுகிறார். சமையலறையில் அம்மா கரண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பாள். சத்தம் வரக் கொஞ்சம் தாமதமானால், "யோவ், இன்னாய்யா?" என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பாள். உடனே ஒரு இருமல் வரும். அம்மா இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை.