கிளம்ப மறுக்கும் லேசர் மெஷினும் நானும்

லேசர் கட்டிங் தொழிலில் வெட்டுவதற்குப் பத்து நிமிஷம் போதும். காலையில் மெஷினைக் கிளப்புவதற்குத்தான் தனியாக ஒரு ஜென்மம் வேண்டும். வீட்டு முன்னறையில் இப்படி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு மூச்சைப் பிடித்தபடி நிற்கிறீர்களே, அந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஜெயமேரி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் நின்றபடியே வேலை பார்த்து, கால் வீங்கி, அதை விட்டுவிட்டு வாங்கியது இந்த மெஷின். பீரோவைப் படுக்கப் போட்ட அளவு இருக்கும். பெயர்ப்பலகை, புடவைப் பெட்டி மேல் ஒட்டும் பூவேலை, காலேஜ் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று பிளைவுட்டிலும் அக்ரிலிக்கிலும் வெட்டிக் கொடுக்கிறேன். ஆன் செய்ததும் உள்ளே இருக்கும் லேசர் தலை நகர்ந்து பின்பக்கத்து வலது மூலையில் போய் நிற்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியும். சேராத நாட்களின் கதைதான் இது.

மூலையில் முட்டியது

வாங்கிய மூன்றாவது வாரம். திருப்புட்குழியிலிருந்து ஒரு அம்மா, கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுப் பெயர்ப்பலகை கேட்டு வந்திருந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, பெருமையாகச் சுவிட்சைப் போட்டேன். தலை மூலைக்குப் போனது. நிற்கவில்லை. கம்பியில் போய் முட்டி, பின்வாங்காமல், கர்ர்ர் என்று இன்னும் முட்டிக்கொண்டே இருந்தது. மோட்டார் பெல்ட்டை அறுத்துவிடும் போலிருந்தது. எந்தப் பொத்தானை அமுக்குவதென்று தெரியாமல் நான்கு பொத்தானையும் அமுக்கினேன். கடைசியில் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

மூலையில் ஒரு சின்ன சென்சார் உண்டு. 'வந்துட்ட, நில்லு' என்று சொல்வது அதன் வேலை. அதன் ஒயர் கழன்று போயிருந்தது என்பதெல்லாம் மறுநாள் தெரிந்துகொண்டது. அப்போது நான் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றேன். அந்த அம்மா மட்டும் கொஞ்சமும் பதறாமல் சொன்னார்: "ஏம்மா, அது வெளிய போவணும்னு பாக்குது. செத்த கதவத் தொறந்து வுடேன்."

எழுந்திருக்காத திரை

இன்னொரு நாள் தலை அசையவே இல்லை. சின்னத் திரையில் கம்பெனி முத்திரை வந்து அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டேன். முத்திரை. பத்து நிமிஷம் விட்டுப் போட்டேன். முத்திரை. பின்பக்க மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராக அமுக்கிப் பார்த்து, தூசி தட்டி, கழற்றிய ஸ்குரூவில் ஒன்றைத் தொலைத்து, அதைத் தேடி எடுத்து மாட்டிப் போட்டேன். முத்திரை.

மெஷினை விற்ற கடையின் சர்வீஸ்காரர் ரஃபி, சென்னையில் இருப்பவர். போனில்தான் பழக்கம். நான் அழாக்குறையாகச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, பக்கவாட்டில் ஏதாவது செருகியிருக்கிறதா என்றார். முந்தின நாள் செருகிய பென்டிரைவ் அப்படியே இருந்தது. அதிலிருந்து ஏதோ படிக்கப் பார்த்துத்தான் அது திணறிக்கொண்டிருந்ததாம். பிடுங்கினேன். தலை ஓடி மூலைக்குப் போய் நின்றது. ரஃபி கேட்டார்: "மேடம், நீங்க எல்லாத்தையும் கழட்டுனீங்க, சரி. செருகுனத ஏன் கழட்டல?"

ஒற்றை நூல்

பக்கத்து வீட்டு நாகமணி பட்டுத்தறி நெய்பவர். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரு காலை, மெஷின் ஆன் ஆனது; திரை வந்தது; தலை மட்டும் நடுவிலேயே நின்றது. கேட்டால் 'மூலைக்கு வந்துவிட்டேன்' என்கிறது திரை. நடுவில் நின்றுகொண்டு மூலையில் நிற்பதாகச் சாதிக்கிற பொருளோடு எப்படிப் பேசுவது? பதினொன்றரைக்கு ஆள் வந்து வாங்கிப்போக வேண்டிய வேலை கையில் இருந்தது. டார்ச் அடித்து அந்த மூலைச் சென்சாரைப் பார்த்தேன். அதன் பிளவுக்குள் சிவப்பாக ஒரு பட்டு நூல், விரல்நுனி அளவு, குறுக்கே கிடந்தது. அதைத்தான் தலை என்று சென்சார் நினைத்திருக்கிறது.

இடுக்கியால் எடுத்து, கொஞ்சம் கோபமாகவே நாகமணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நூலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "ஒத்த நூலுக்கே நின்னுபோச்சா? எங்க தறில ஆயிரக்கணக்குல ஓடுதும்மா, அத கொண்டாந்து வெச்சா உன் மெஷின் என்னா பண்ணும்?"

மூடி

இதுவரை சொன்னதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இனி வருவதை அப்படிச் சொல்ல முடியாது.

கிருத்திகா ஏனாத்தூர் பக்கம் ஒரு காலேஜில் கடைசி வருஷம். வேளாவேளைக்குத் தானே திறந்து மாத்திரை கொடுக்கும் பெட்டி ஒன்று செய்திருந்தாள். அதன் அக்ரிலிக் பக்கங்கள் முந்தின நாள் பஸ் நெரிசலில் உடைந்துவிட்டன. காலை எட்டு மணிக்கு வந்து நின்றாள். பதினோரு மணிக்கு புராஜெக்ட் ரிவ்யூ. "அக்கா, எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் வெளியூர்க்கா. இன்னிக்கு காட்டலன்னா அரியர்தான். அரியர் இருந்தா வேலைக்கு கூப்புட மாட்டாங்க."

சுவிட்சைப் போட்டேன். தலை மூலைக்குப் போனது. ஆனால் திரையில் 'மூடி திறந்திருக்கிறது'. மூடியிருந்த மூடியைத் திறந்து மறுபடி மூடினேன். திறந்திருக்கிறது. ஓங்கி அமுக்கினேன். திறந்திருக்கிறது. எட்டே முக்கால் ஆகிவிட்டது. கிருத்திகா போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அப்போது செய்ததை நீங்களும் எப்போதாவது செய்திருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். மூடி திறந்தால் லேசரை நிறுத்துகிற சுவிட்சின் இரண்டு ஒயரையும் உருவி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றிவிட்டேன். மெஷின் உடனே கிளம்பியது. இனி மூடி திறந்தாலும் மூடியிருப்பதாகவே அது நம்பும்.

முதல் நான்கு பக்கம் நன்றாக வெட்டியது. அடுத்ததற்குத் தலை நகர்ந்து ஒரு நொடி நின்றது. நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியிருந்தேன். வேலை முடிந்தது என்று நினைத்துக் கிருத்திகா மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். கீல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தது துப்பட்டா நுனியில் எழுந்த தீ மட்டும்தான். அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஒரு கையால் அறைந்து, மறு கையால் துப்பட்டாவைக் கசக்கித் தீயை அணைத்தேன். அவள் விரல்களுக்கும் கதிருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் உள்ளங்கையில் கொப்புளம். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அவள்தான் முதலில் எழுந்து, "அக்கா, இன்னும் ரெண்டு பீஸ்" என்றாள். சுவிட்சைச் சரி செய்யாமல் இனி ஒன்றும் வெட்ட மாட்டேன் என்றேன். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் அசையவில்லை, அசையத் தைரியம் இல்லை. டார்ச்சை எடுத்துத் தேடினால், மூடியில் ஒட்டியிருக்க வேண்டிய காந்தத் துண்டு பசை விட்டு விழுந்து, கீழே வெட்டுத்துண்டுகளோடு கிடந்தது. அது நெருங்கினால்தான் மூடி மூடியதாகச் சுவிட்சுக்குத் தெரியும். எடுத்து ஒட்டி, முறுக்கிய ஒயரைப் பிரித்துப் பழையபடி மாட்ட இருபது நிமிஷம் ஆனது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். மீதி இரண்டையும் வெட்டி, பத்தே காலுக்கு என் வண்டியிலேயே கொண்டுபோய் காலேஜ் வாசலில் இறக்கிவிட்டேன்.

மத்தியானம் போன் வந்தது. "அக்கா, பாஸ்! துப்பட்டால என்னம்மா ஓட்டைன்னு எக்ஸ்டெர்னல் கேட்டாரு. அதுவும் லேசர் கட்டிங்தான் சார்னு சொல்லிட்டேன்."

ரஃபியிடம் சொன்னது

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. சாயங்காலம் ரஃபிக்குப் போன் போட்டு, ஒயரை முறுக்கியதிலிருந்து எதையும் மறைக்காமல் சொன்னேன். எப்போதும் குறுக்கே கேள்வி கேட்பவர், அன்றைக்கு முழுதாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "மேடம், மெஷின் போனா ஸ்பேர் எடுத்துக்கினு நான் வருவேன். ஒரு பொண்ணு கண்ணு போனா எதை எடுத்துக்கினு வர்றது?"

மூன்று தடவை

இரண்டு நாள் கழித்துக் கூரத்திலிருந்து கிருத்திகாவின் அப்பா வந்தார். பயிர் வைக்கிறவர். பைக்கை நிறுத்திவிட்டு அவர் இறங்கி வந்த நடையைப் பார்த்ததும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தினேன். வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவற்றுக்கு அவர் இடமே தரவில்லை. "எங்க அது? ஓட்டிக் காட்டு" என்றார்.

ஒரு பிளைவுட் துண்டை வைத்து ஓட்டினேன். "தொற" என்றார். மூடியைத் தூக்கினேன், மெஷின் நின்றது. மூடி, மறுபடி ஓட்டச் சொன்னார். தூக்கினேன்; நின்றது. மூன்றாவது தடவை அவர் கிட்டே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தபடி, திறக்கச் சொன்னார். நின்றது. என் உள்ளங்கைத் துணிக்கட்டை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்: "மூணு வாட்டி நின்னுது, பாத்தேன். நாலாவது வாட்டியும் நிக்கும்னு உன்னால சொல்ல முடியுமாம்மா?"

முடியாது என்பதால் தினமும் வேலை தொடங்கும் முன் மூடியைத் திறந்து மூடி, ஒவ்வொரு சுவிட்சாகச் சோதித்துப் பார்க்கிறேன்; இப்போதெல்லாம் மெஷின் முதல் தட்டிலேயே ஒழுங்காகக் கிளம்பிவிட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.