நாலாம் மாடி மணி

நூருன்னிசாவின் கடைக்கு வாசல் கிடையாது. பர்மியப் பேட்டையான கியாக்டடாவில், நாலாம் மாடி பால்கனியிலிருந்து தெருவரை தொங்கும் கயிறுதான் கடை. மேல் முனையில் மணி, கீழ் முனையில் கூடை. கீழே நிற்பவர் கயிற்றை இழுத்தால், தெருவே லாத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் அவள் எட்டிப் பார்ப்பாள். இடியாப்பப் பொட்டலம் இறங்கும். கூடவே தெருவுக்கே கேட்கும்படி ஒரு விசாரணையும் இறங்கும். "மூஞ்சி ஏன் வாடிக் கெடக்கு? ராத்திரி சாப்பிடலையா?"

மகள் ஸமீராவுக்குப் பிரிட்டனில் ஒரு தீவிலுள்ள முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. எல்லாம் ஆயிற்று, உம்மா சரி சொல்வதுதான் பாக்கி.

"ஊரைப் பாக்காம எப்படிச் சொல்றது?" என்றவள், போன் கடை ஜாபிரிடம் பிரிட்டன் தீவு வருகிற படமாக ஒன்று போனில் ஏற்றித் தரச் சொன்னாள். முகப்புப் படத்தில் பச்சைப் புல்லும் ஆடுகளும் இருந்ததைப் பார்த்து அவனும் ஏற்றிக் கொடுத்தான்.

மத்தியானம் கரண்ட் இருந்த நேரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் ஆடுகள் மேய்ந்தன. பிறகு முகமூடிக்காரன் ஒருவன் கோடரியோடு வந்தான்.

"கம்பிக் கதவு எங்கடி?"

"அங்கல்லாம் போட மாட்டாங்க உம்மா."

"வெறும் கண்ணாடியா? அப்ப வெட்டத்தான் செய்வான்."

மணி அடித்தது. இருவரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். கீழே ஜாபிர்.

"படம் எப்படி லாத்தா?"

"நாலு பேரு போயாச்சு. மேல வா, அஞ்சாவதா உன்ன அனுப்புறேன்."

சிரித்துக்கொண்டே திரும்பியவளின் முகம் படத்தைப் பார்த்ததும் மாறிவிட்டது. ஒரு பெண் வயல்வெளியில் கத்திக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு கத்துறா, ஒரு மனுசன் வரல பாரு. இங்க கத்தினா கீழ் வீட்டு டோ சான் கரண்டியோட வந்து நிப்பா. நீ போக வேணாம் புள்ள."

ஸமீரா படத்தை நிறுத்தினாள்.

"நான் வேலைக்குப் போற வீட்டுல எல்லாரும் வயசானவங்க உம்மா. ஒவ்வொரு கட்டில்லயும் ஒரு மணி இருக்கு. தண்ணி வேணும்னா அடிப்பாங்க, பயமா இருந்தாலும் அடிப்பாங்க. அடிச்சா வர்றதுக்கு ஆளில்லாமத்தான் என்னைக் கூப்பிடுறாங்க."

அடுத்த மணி அடித்ததும் நூருன்னிசா எழுந்துபோய்க் கூடையை இறக்கினாள். வழக்கமான விசாரணை இல்லாமல் பொட்டலம் மட்டும் போயிற்று. வாங்கியவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்.

"மீதியைப் போடு. அந்தப் பொண்ணு பொழைக்கிறாளான்னு பாக்கணும்."

பிழைத்தாள். விடியற்காலையில் ஒரு படகில், போர்வைக்குள் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தாள்.

"பாவம், எத்தனை நாளா சாப்பிடலையோ" என்று எழுந்த நூருன்னிசா, வாசல் கம்பிக் கதவிலிருந்த பெரிய பூட்டைச் சாவியோடு கழற்றிக்கொண்டு வந்தாள்.

"இதைப் பெட்டில வை."

"அங்க கம்பிக் கதவே இல்லையே, எதுல மாட்ட?"

"நீ போய்ச் சொல்லு, போடுவாங்க. மணி அடிச்சா உடனே போய் நில்லு. வயசானவங்களைக் காக்க வைக்காதே."

புதுப் பூட்டு வாங்கும்வரை, அந்த வீட்டுக் கம்பிக் கதவைக் கூடைக் கயிற்றின் மிச்சத்தால்தான் கட்டி வைத்திருந்தார்கள்.